கார்ட்டூஷ் என்பதற்குப் 'பெயர்வளையம்': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

எகிப்தியப் படவெழுத்துக் கல்வெட்டுகளில் அரசர் பெயரைச் சூழ்ந்து நிற்கும் நீள்வடிவக் கோட்டுக்கு, அதாவது கார்ட்டூஷ் எனப்படுவதற்கு, நாம் தொகுத்துவரும் கலைச்சொற்பட்டியலுக்காக 'தோட்டாக்கட்டம்', 'அரசமுத்திரை', 'பெயர்ச்சட்டம்' ஆகிய தமிழ்ச்சொற்கள் முன்வைக்கப்பட்டன. நான் 'பெயர்வளையம்' என்பதை முன்மொழிகிறேன். இந்த ஒரு சொல் சரியாக அமைந்தால் அதையொட்டிய வேறு சில சொற்களும் தெளிவாக அமையும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார்ட்டூஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் துப்பாக்கித் தோட்டா என்று பொருள். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற படைவீரர்கள், கோயிற்சுவர்களில் கண்ட வடிவம் தோட்டாவை ஒத்திருந்ததால் அப்படி அழைத்தனர் என்பர். அந்த ஒப்புமையைத் தமிழிலும் சுமந்து வரவேண்டிய தேவை இல்லை. எகிப்தியர் இதனை 'ஷெனு' என்றனர். சூழ்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட கல்வெட்டுகளில் இது வெறும் கோடன்று, முனையில் முடிச்சிட்ட கயிறு என்பது தெளிவாகவே தெரியும். ஷென் எனப்படும் வட்டமான கயிற்று வளையமே பெயரின் குறிகளை உள்ளடக்குவதற்காக நீண்டது. மூன்றாம் அரசமரபின் இறுதியிலும் நான்காம் அரசமரபின் தொடக்கத்திலும், குறிப்பாக ஸ்னெஃப்ரு மன்னரின் காலத்தில், அது வழக்கில் நிலைபெற்றது. கதிரவன் சூழ்ந்துவரும் நிலமெல்லாம் அரசனுக்கு உரியது என்ற எண்ணமும், பெயரைச் சூழ்ந்து காக்கும் எண்ணமும் அதில் அடங்கியுள்ளன. மூன்றாம் துத்மோஸ் மன்னரின் உடல் வைக்கப்பட்ட அறையே இவ்வடிவில்தான் குடையப்பட்டது. தமிழிலும் 'வளை' என்ற வினையிலிருந்தே 'வளையம்' பிறக்கிறது. ஆகவே இச்சொல் எகிப்தியர் கருதிய பொருளுக்கு மிக அண்மையில் நிற்கிறது. வட்டமாக இல்லாததை வளையம் எனலாமா என்ற ஐயத்துக்கு அதன் வரலாறே விடை.

'அரசமுத்திரை' பொருந்தாது. முத்திரை என்பது பதிப்பது. இதுவோ எழுத்துவரிசைக்குள்ளேயே எழுதப்படும் குறி. 'அரச' என்ற அடையையும் தவிர்க்க வேண்டுகிறேன். நெஃபர்தாரி போன்ற அரசியரின் பெயர்களும் இவ்வளையத்துள் வருகின்றன. அக்கெனாத்தன் என்ற மன்னரின் காலத்தில் ஆத்தன் என்ற கடவுளின் பெயரே இரண்டு வளையங்களுள் எழுதப்பட்டது. கடவுளின் வளையத்தை அரசமுத்திரை என்று படிக்கும் மாணவர் கட்டாயம் குழம்புவார்.

'பெயர்ச்சட்டம்' நல்ல சொல். ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. பெயர்வளையம் தோன்றுவதற்கு முன்பே, அரண்மனை முகப்பைக் காட்டும் செவ்வகத்தின்மேல் ஹோரஸ் கடவுளின் பருந்து அமர்ந்திருக்க, அதனுள் அரசனின் பெயரை எழுதினார்கள். தொடக்ககால மன்னரான நார்மரின் பெயர் கெளுத்தி மீனும் உளியுமாக அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. செரெக் எனப்படும் அந்தச் செவ்வகத்துக்கு 'முகப்புச்சட்டம்' என்பதே பொருந்தும். சட்டத்தையும் வளையத்தையும் இவ்வாறு பிரித்துக்கொண்டால், பெயரைப் படிக்கும் முன்பே காலத்தைப் பற்றிய ஒரு குறிப்புக் கிடைத்துவிடும்.

இவ்வளையம் படிப்பவருக்குச் செய்த உதவி பெரிது. இவற்றுள் இருப்பவை அரசர் அல்லது கடவுளர் பெயர்களாகலாம் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பார்த்தெலெமி கருதினார். ஒரே ஆணையை எகிப்திய எழுத்துகளிலும் கிரேக்கத்திலும் பொறித்த ரொசெட்டாக் கல்லின் வளையத்துள், மன்னர் தாலமியின் பெயரை ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் தேடினார். படவெழுத்தைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அதனை, எகிப்தின் ஃபிலே தீவுக் கல்தூபியிலிருந்த அரசி கிளியோபாத்ராவின் பெயரோடு ஒப்பிட்டார். தாலமியின் பெயரில் நான்காவதாக இருக்கும் சிங்கம் கிளியோபாத்ராவின் பெயரில் இரண்டாவதாக வருகிறது. இரண்டிலும் அது லகர ஒலியே. பகர ஒலிக்குரிய குறி முன்னதில் முதலிலும் பின்னதில் ஐந்தாவதாகவும் அமைகிறது. தகர ஒலிக்கு மட்டும் ஒன்றில் ரொட்டி வடிவக் குறியும் மற்றொன்றில் கை வடிவக் குறியும் வருவதைக் கண்டு அவர் தளரவில்லை. ஓர் ஒலிக்கு இரு குறிகள் இருக்கலாம் என்று துணிந்தார். 1822 செப்டம்பரில் அவர் தம் முடிவை வெளியிட்டார். எல்லை வகுத்துத் தந்த வளையம் இல்லாதிருந்தால் இந்த ஒப்பீட்டை எங்கே தொடங்குவதென்றே தெரிந்திருக்காது.

அரசனின் ஐந்து பெயர்களுள் இரண்டே வளையத்துள் எழுதப்படுகின்றன. கோரையும் தேனீயும் முன்வர எழுதப்படுவதை 'அரியணைப்பெயர்' என்றும், வாத்தும் கதிர்வட்டமும் முன்வர எழுதப்படுவதைப் 'பிறப்புப்பெயர்' என்றும் சொல்லலாம். வாத்தும் கதிர்வட்டமும் சேர்ந்து 'கதிரவக் கடவுளான ரேயின் மகன்' என்று பொருள்படும்.

வளையத்துள் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துட்டன்காமுன் மன்னரின் பிறப்புப்பெயரில் 'அமுன்' என்ற கடவுளின் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்கும்; படிக்கையில் அது 'துட்', 'அன்க்' என்பவற்றுக்குப் பின்னரே வரும். அவருடைய அரியணைப்பெயரான நெப்கெப்ரூரேயிலும் ரேயின் கதிர்வட்டமே எழுத்தில் முதலாவது, படிப்பில் கடைசி. கடவுளுக்குரிய மதிப்பால் நேரும் இம்முறைமாற்றத்துக்கு 'மதிப்பு முன்னிடல்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'தெய்வ முன்னிடல்' என்றால் குறுகிவிடும். அரசனைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே முன்னிடப்படுவதுண்டு.

கட்டடக்கலையிலும் நிலப்பட வரைவிலும் சுருள்வேலைப்பாடுள்ள அணிவிளிம்பையும் கார்ட்டூஷ் என்பார்கள். அதற்கு 'அணிச்சட்டம்' போதும். நம் சொற்பட்டியலில் இவ்விரண்டையும் ஒரே பதிவில் அடைக்காமல், துறைக்குறிப்புடன் தனித்தனியே பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.