கல்லறைக் கல்லில் எப்படி வெட்டுவது? 'உலகம்' என்றா, 'நித்தியம்' என்றா?

தேரிக்காட்டு மகன் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்க அப்பா போன மாசம் 11ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 81. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. மொட்டை மாடியில் ஏறி நின்றால் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் தேவாலயக் கோபுரம் தெரியும். எங்க ஊர் ஆலயத்தில் அப்பா 34 வருஷம் மணியடித்தார். ஞாயிறு முதல் மணி, இரண்டாம் மணி, வருஷப் பிறப்பு ராத்திரி மணி, யாராவது இறந்தால் துக்க மணி எல்லாம் அவர்தான். அவருக்குத் துக்க மணி அடித்தது நான். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடணும் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கயிற்றில் அவர் பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே பிடித்துத்தான் அடித்தேன்.

இப்போது கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். அப்பாவின் வேதாகமத்தில் அவர் கோடு போட்ட வசனத்தையே வெட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பிரசங்கி புஸ்தகம் 3:11. "அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார், உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்." இதில் 'உலகத்தையும்' என்ற வார்த்தைக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அடக்க ஆராதனையில் எங்க சபைப் போதகர் ஐயர் இதே வசனத்தை எடுத்து, "தேவன் நித்தியத்தை மனுஷனுடைய உள்ளத்தில் வைத்திருக்கிறார்" என்று பிரசங்கம் செய்தார். உலகத்தை விட்டுப் போனவருடைய கல்லில் 'உலகம்' என்றா வெட்டுவது என்று தம்பி கேட்கிறான். புஸ்தகத்தில் இருக்கிறதை மாற்ற நீ யார் என்கிறார்கள் அம்மா. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். அப்பா பேருக்குக் கீழே தனக்கும் இடம் விடச் சொல்லிவிட்டார்கள் அம்மா. ஆகவே நீளமாகவும் போட முடியாது. எது சரி?

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. அப்பா ஆலயத்து வெளிக் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். மே மாச மத்தியானத்தில் செம்மணல் எப்படிக் கொதிக்கும் என்று தேரிக்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதில் வெறுங்காலோடு நடந்து போய்த்தான் மணியடிப்பார். அப்படிப்பட்டவர் கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, அவர் முன்னால போய் எப்படி நிப்பேன்?" என்று கேட்டார். ஆயுசு முழுக்க மற்றவர்களைப் பரலோகத்துக்கு மணியடித்து அனுப்பியவருக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலையணையைச் சரிபண்ணிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டு மாணவன்:

தம்பி, உங்கள் அப்பா போட்ட கேள்விக்குறி மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அங்கே மூலமொழியான எபிரெயத்தில் உள்ள வார்த்தை 'ஓலாம்'. கண்ணுக்கு எட்டாத காலம், ஆதியும் அந்தமும் தெரியாத நீட்சி என்பதுதான் வேதாகம எபிரெயத்தில் அதன் பொருள். பிற்கால எபிரெயத்தில் அதே வார்த்தைக்கு 'உலகம்' என்ற பொருளும் வந்து சேர்ந்தது. வுல்காத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'உலகம்' என்றுதான் எழுதியது. 1611இல் வந்த ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அப்படியே. ஹென்றி பவர் குழுவினர் 1871இல் முடித்த தமிழ் மொழிபெயர்ப்பின் வழிவந்ததுதான் இன்று நம் வீடுகளில் இருக்கும் வேதாகமம். அதிலும் 'உலகம்' நின்றுவிட்டது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'சபை உரையாளர்' என்ற பெயரில் இதே புத்தகம் இருக்கிறது. அங்கே காலத்தைப் பற்றிய உணர்வு என்று போட்டிருப்பார்கள்.

ஐயர் சொன்னது தவறில்லை. அம்மா சொல்வதும் புத்தகத்தில் உள்ளதுதான். அடக்க ஆராதனையில் வாசிக்கிற 90ஆம் சங்கீதத்தில் "நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்" என்று வருகிறதே, அங்கே 'அநாதி', 'என்றென்றைக்கும்' இரண்டுக்கும் மூலத்தில் இருப்பது இதே ஓலாம். கடவுளுக்கே உரிய அந்தக் காலத்தை மனுஷன் உள்ளத்துக்குள் வைத்திருக்கிறார் என்கிறார் பிரசங்கி. அதனால்தான் 81 வயது வாழ்ந்தவர் போனாலும் நமக்குப் போதவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, 14ஆம் வசனத்தை வாசியுங்கள். அங்கேயும் ஓலாம் வருகிறது. அங்கே பவர் குழுவினர் 'என்றைக்கும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

விசுவாச சகோதரன்:

பிரதர், உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரோமர் 8:15 பாருங்கள். திரும்பவும் பயப்படுகிறதற்கு நாம் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை, "அப்பா பிதாவே" என்று கூப்பிடும் ஆவியைப் பெற்றோம். இரட்சிப்பின் நிச்சயம் உள்ளவர் எப்படி நிற்பேன் என்று கேட்க வேண்டியதில்லை. கிருபையைப் பற்றி யாராவது அவருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

தேரிக்காட்டு மகன்:

அண்ணே, நீங்கள் நல்ல மனசோடு சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. கிருபையைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அந்த வசனத்தில் வருகிற 'அப்பா' என்ற வார்த்தையைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். எங்க தாத்தா வீட்டுக்குள் வந்தால் அப்பா கட்டிலை விட்டு எழுந்து நிற்பார், தலை நரைத்த பிறகும். தாத்தா அவரை அடித்ததே கிடையாது. தாத்தாவுக்கு ஒரு சாயங்காலம் காய்ச்சல் என்று கேட்டு, பஸ் இல்லாமல் திருச்செந்தூர் ரோட்டில் ராத்திரி நடந்தே போனவரும் அப்பாதான். அந்த எழுந்து நிற்றலை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவுப் பணி செவிலி:

சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் வார்டில் பல வருஷமாக இருக்கிறேன் அண்ணாச்சி. உங்க அப்பா கேட்ட கேள்வியை மற்றவர்கள் வாயால் நானும் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டியம்மா, எலும்பும் தோலுமாக, ராத்திரி ரெண்டரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வலி ஊசிக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். "கால் அழுக்கா கெடக்கு, கழுவி விடுத்தா" என்றார்கள். காலையில் குளிப்பாட்டும்போது கழுவுகிறேன் என்றேன். "இப்பவே கழுவு, அவர் முன்னாடி இந்தக் காலோடயா போய் நிக்க?" என்றார்கள். வெந்நீர் கொண்டுவந்து, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் துடைத்துவிட்டேன். படுத்தே கிடந்த காலில் அழுக்கு எங்கே இருக்கும்? தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கினார்கள்.

போகிற இடம் இருக்கிறது என்று நம்பாதவர்கள் எப்படி நிற்பது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்பது வேறு: இன்னும் எத்தனை நாள், வீட்டுக்கு யார் இருக்கா, இதெல்லாம்தான். உங்க அப்பா கேட்டாரே 'அவர் முன்னால' என்று, அதில் 'அவர்' இருக்கிறார் பாருங்கள். நீங்கள் பதில் சொல்லவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அந்த நேரத்தில் தலையணையைச் சரிபண்ணுவதும் பதில்தான்.

தேரிக்காட்டு மகன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து திரும்ப வாசிக்கச் சொன்னார்கள்.

ஐயா சொன்ன 14ஆம் வசனத்தை எடுத்துப் பார்த்தேன். "தேவன் செய்வது எதுவோ அது என்றைக்கும் நிலைக்கும் என்று அறிவேன்" என்று தொடங்கி, "மனுஷர் தமக்குமுன்பாகப் பயந்திருக்கும்படி தேவன் இப்படிச் செய்துவருகிறார்" என்று முடிகிறது. நித்தியமும் பயமும் ஒரே வசனத்துக்குள். இத்தனை வருஷம் வாசித்தும் என் கண்ணில் படவில்லை. அதில் அப்பா கோடு எதுவும் போடவில்லை. ஆனால் 11ஆம் வசனத்துப் பக்கத்தில் கேள்விக்குறி இருப்பது போல இங்கே ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. பென்சிலை ஊன்றி யோசித்திருப்பாரோ என்னவோ.

தம்பியும் அம்மாவும் ஒத்துக்கொண்டார்கள். "தேவன் செய்வது எதுவோ அது என்றைக்கும் நிலைக்கும்" என்று மட்டும் வெட்டுகிறோம், பிரசங்கி 3:14 என்று கீழே. அம்மாவுக்கு இடமும் மிச்சம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் தாளில் எழுதிக் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தேன். எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, 'நிலைக்கும்' என்ற வார்த்தையை ரெண்டாகப் பிரித்து வெட்டினால் நல்லா இருக்காது, ஒரே வரியில் வருகிற மாதிரி எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.