புதுப்பிப்பு: தங்கையின் சமயப் படிப்பும் ஜெர்மனியும்

சமூகவியல் முடித்த தங்கை ஜெர்மனியில் சமயம் பற்றி முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள், "மதம் படிச்சா சாமியாராத்தான் போகணும்" என்று பெரியப்பா மறிக்கிறார் என எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தெளிவானது இது. அங்கே இறையியல் வேறு, சமயவியல் வேறு. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க இறையியல் புலங்கள் தனித்தனியாக உண்டு. போதகர்களும் சமய ஆசிரியர்களும் உருவாவது அப்படிப்பட்ட புலங்களில்தான். சமயவியலில் நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வரலாறு, சடங்கு, கள ஆய்வு, இவைதான் பாடம்.

தங்கை மனசு மார்பர்க் பல்கலைக்கழகத்தின் மேல். ருடால்ஃப் ஓட்டோ என்ற சமய அறிஞர் 1927-இல் அங்கே தொடங்கிய சமயப் பொருள் சேகரம் இன்றும் பல்கலைக்கழகத்தோடே இருக்கிறது. பல சமயங்களின் வழிபாட்டுப் பொருள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் படிக்கலாம். எனக்கே பொறாமையாக இருக்கிறது!

அப்புறம் பணம். ஹைடல்பெர்க், ட்யூபிங்கன் இரண்டும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2017 முதல் ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கட்டணம். மார்பர்க் இருப்பது ஹெசன் மாநிலத்தில், அந்தச் செலவு இல்லை. ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, அங்கே போனபின் மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) பணம் காட்டியே ஆகவேண்டும்: 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. அப்பா இப்போது வங்கியில் கல்விக்கடன் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு, அதாவது நம் ஊர்ப் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் சான்றுக்கு, விண்ணப்பித்தாயிற்று. ஜெர்மன் வகுப்பும் ஓடுகிறது. பெரியப்பா மட்டும், "சரி, முடிச்சுட்டு என்ன வேலை?" என்கிறார். அதற்கு யாராவது அனுபவத்திலிருந்து பதில் சொன்னால் அப்படியே அவரிடம் காட்டிவிடுவேன்.