மலைநாட்டில் மலிவு ஜிபிஎஸ் பெட்டி: ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கட்டாரிலிருந்து வந்த மச்சான் போன வருசம் ஒரு ஜிபிஎஸ் பெட்டியைக் கையில் தந்துவிட்டுப் போனார். ஐந்து அங்குலத் திரை, முன் கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கிண்ணம், லைட்டர் ஓட்டையில் செருகுகிற வயர், அவ்வளவுதான். கடையில் இருந்ததிலேயே ஆகக் குறைந்த விலையாம். நான் ஹட்டன் பக்கம், வைத்திருப்பது பழைய ஆல்டோ. வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள், ஏழெட்டு மாதம் ஓட்டியதில் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் நாளே பயம் காட்டியது. வீட்டு வாசலில் வைத்து முடுக்கினால் "செய்மதியைத் தேடுகிறேன்" என்று கால் மணித்தியாலம் அப்படியே நின்றது. பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டாரே என்று மச்சானை மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் விளங்கியது. நாடு விட்டு நாடு வந்த பெட்டியிடம் எந்தச் செய்மதி எங்கே நிற்கிறது என்ற கணக்கு பழசாகியிருக்கும், புது அட்டவணை முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் எடுக்கும், அதற்குள் எங்கள் வாசலில் பாதி வானத்தை மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மைதானத்துக்குக் கொண்டுபோனேன், பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பெரிதாகக் காக்க வைத்ததில்லை.

உயரமும் காட்டும். நுவரெலியா 1868 மீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து, குதிரைப் பந்தயத் திடல் பக்கம் நிறுத்திப் பார்த்தேன்: முதலில் 1890, தேத்தண்ணி குடித்து வருவதற்குள் 1862. பெட்டிக்குப் பிடிபடுகிற செய்மதி எல்லாம் தலைக்கு மேல்தானே, காலுக்குக் கீழே இருப்பதைப் பூமி மறைத்துவிடும், அதனால் மேல் கீழ் அளவு எப்போதும் கொஞ்சம் ஆடும். விளையாட்டுக்குப் பார்க்கலாம்.

சரி, மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். அக்கரபத்தனைப் பக்கம் ஒரு சடங்கு வீடு. பெட்டியில் "குறுகிய பாதை" என்று போட்டிருந்தது, நானும் மாற்றவில்லை. தலவாக்கலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். தார் போய்க் கல் ரோட்டு வந்தது, கல் ரோட்டு போய்த் தேயிலைக்கு நடுவே இரண்டு டயர் தடம் மட்டும் வந்தது, கடைசியில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேல் இருந்த பாலம் இடிந்து கிடக்கிறது, பெட்டியோ "நேராகச் செல்லவும்" என்கிறது. திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் எட்டிப் பார்க்கவே மனம் வராத பள்ளம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் நாலு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு அக்கா வண்டி நிற்கும்போதெல்லாம் பின் டயருக்குக் கல் கொடுத்தார், இன்னொருவர் "ஒடிங்க தம்பி, ஒடிங்க, போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். ரிவர்ஸிலேயே முக்கால் மணித்தியாலம். கிளட்ச் கருகிய வாடை சடங்கு வீட்டுச் சாப்பாட்டிலும் அடித்தது. பெட்டிக்கு ரோட்டின் நீளம் தெரியும், அதில் கொழுந்து லொறி போகுமா ஆடு மட்டும் போகுமா என்பது தெரியாது.

ஆனால் அதே பெட்டியை ஒரு ராத்திரி கும்பிட்டேன். நானுஓயாவில் மூடுபனி, பொனட்டே தெரியவில்லை, போனில் சிக்னல் இல்லை. திரையில் மட்டும் ரோட்டு கோடாக ஓடுகிறது: அடுத்தது இடது, நல்ல வளைவு, அதற்கடுத்தது வலது, லேசானது. அதைப் பார்த்தே இரண்டாவது கியரில் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். இதற்காகவே வைத்திருக்கிறேன். வழி கேட்பதற்கு அல்ல, எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பதற்கு.

அதிலும் ஒரு கோளாறு உண்டு. றம்பொடைக்கு மேலே ரோட்டு மடிந்து மடிந்து ஏறுகிற இடத்தில், நான் கீழ் மடிப்பில் இருக்க அம்பு மேல் மடிப்புக்குத் தாவிவிடும். அங்கேயுள்ள 225 மீற்றர் றம்பொடைச் சுரங்கத்துக்குள் போனால் அம்பு நின்றுவிடும், வெளியே வந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் தூக்கம் கலையும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, நான் ஹயர் வேன் ஓடுகிறவன். நேரக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. என் பெட்டி ஒரு மணித்தியாலம் என்று சொன்னால் நான் பயணிகளிடம் ஒன்றே முக்கால் என்பேன், முன்னால் ஒரு கொழுந்து லொறி மாட்டினால் அதுவும் போதாது. குறுக்கு வழி ஆசை அதற்கு ரொம்ப அதிகம். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் செத்துப் போனார்கள், அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும், பெட்டிக்கு அது நாலு நிமிட லாபம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண் சரிந்து ரோட்டுகள் மூடிக் கிடந்தபோதும் என் பெட்டி ஒன்றும் நடக்காத மாதிரி அதே வழியைக் காட்டியது, மெமரி கார்டில் இருப்பது பழைய மேப். எதிரில் வந்த பஸ்காரர்கள் கண்ணாடியை இறக்கிச் சொன்னதை வைத்துத்தான் அந்தக் கிழமை ஓடினேன்.

கண்டியிலிருந்து:

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் அண்ணா, ஸ்கூட்டிதான். போனில் மேப்பை முதலே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலே இதே வேலையைச் செய்கிறது, தனிப் பெட்டி எதற்கு? இரண்டிலும் எனக்குள்ள குறை ஒன்றுதான். மேப்பில் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர். பிள்ளைகளின் வீட்டைக் கேட்டால் தோட்டப் பிரிவை மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்றும், வரிசை வீட்டைப் பத்து வீட்டு லயம் என்றும் சொல்வார்கள். அதை எதில் தட்டித் தேடுவது?

மறுபடி நான்:

டீச்சர் சொல்வது சரிதான், போன் போதும். எனக்குப் போனில் வீட்டுக் கோல் வந்தால் மேப் மறைந்துவிடுகிறது, அதனால் பெட்டி. கட்டாயம் வாங்குவதென்றால் "குறுகிய பாதை"யை எடுத்துவிட்டு "வேகமான பாதை" போடுங்கள், "மண் வீதியைத் தவிர்" என்று இருந்தால் அதையும் போடுங்கள். குரலை நிறுத்திவிடுங்கள், அந்தப் பெண் தலவாக்கலையைச் சொல்கிற விதம் ஊர்க்காரனுக்கே விளங்காது. ரப்பர் கிண்ணத்தை நம்ப வேண்டாம், நுவரெலியாக் குளிரில் கண்ணாடி வியர்த்ததும் இரண்டு தடவை கியர் மேல் விழுந்தது. இப்போது டேஷ்போர்டில் மனைவி தைத்துத் தந்த மணல் பை மேல் உட்கார்ந்திருக்கிறது.