மறு: நீரரணா, அகழிக்கோட்டையா?

அன்புள்ள குழுவினருக்கு,

> நீர் சூழ்ந்த கோட்டைக்கு "நீரரண்" என்ற பழஞ்சொல் இருக்கிறதே, புதிதாக "அகழிக்கோட்டை" எதற்கு?

ஐயா, எனக்கும் பிடித்த சொல்தான் அது. 742-ஆம் குறள் அரணுக்கு முதலில் கேட்பதே மணிநீரைத்தான். ஆனால் நான் எழுதிக்கொண்டிருப்பது பாரிஸ் லூவரின் வரலாறு. அங்கே போனதும் சொல் சிக்கிக்கொள்கிறது.

லூவர் அருங்காட்சியகமானது 1793-ல். பிறந்தபோது அது கோட்டை. 1190-ல் சிலுவைப் போருக்குக் கிளம்பும் முன் பிரான்சின் இரண்டாம் பிலிப் மன்னர் பாரிஸுக்கு மதில் எழுப்ப ஆணையிட்டார். மேற்கே நார்மண்டி அப்போது இங்கிலாந்து அரசரின் கையில். அதனால் அந்தப் பக்கம், மதிலுக்கு வெளியே, சேன் ஆற்றங்கரையில் இந்தக் கோட்டை. வெளி அகழியில் ஆற்றுத் தண்ணீர் நின்றது. நடுவில் சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம். அதைச் சுற்றி இன்னோர் அகழி, அது வறண்ட அகழி. ஒரே கோட்டையில் ஒன்று நீர், ஒன்று வறள். நீரரண் என்றால் பாதிதான் அடங்கும்.

அகழி என்பது அகழ்ந்தது, அவ்வளவே. தண்ணீர் அதன் பொருளிலேயே இல்லை. ஆகவே என் ஓட்டு "அகழிக்கோட்டை"க்கு.

அடுத்தது இன்னும் கடினம்: இன்று இல்லாத அகழிக்கோட்டையை எப்படிச் சொல்வது? "முன்னாள்" அமைச்சருக்குப் பொருந்தும், கல்லுக்குப் பொருந்தவில்லை. "பழைய" என்றால் இன்னும் நிற்பதுபோல் இருக்கிறது. கிணறு, குளத்துக்கு நாம் அன்றாடம் சொல்லும் "தூர்ந்த" இருக்கிறதே! தானாக மண் மேவினால் தூர்ந்தது. ஆள் வைத்து மூடினால் தூர்த்தது. லூவரில் நடந்தது இரண்டாவது. 1528-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் கோபுரத்தை இடித்தார். எஞ்சிய பழஞ்சுவர்களும் அகழியும் 17-ஆம் நூற்றாண்டில் புது அரண்மனை முற்றத்துக்கு அடியில் போயின. ஆகவே "தூர்த்த அகழிக்கோட்டை". (அரண்மனையைப் பிரித்தால் அரண் + மனை. ஐந்தாம் சார்லஸ் 14-ஆம் நூற்றாண்டில் இந்த அரணைத்தான் மனையாக்கிக்கொண்டார். அந்தச் சொல்லையும் ஒருநாள் பேசவேண்டும்.)

1980-களில் அகழாய்வு செய்தபோது அதே அகழி மீண்டும் வெளிப்பட்டது. இப்போது தரைக்குக் கீழே அகழியின் படுகையிலேயே நடக்கலாம். சுவர்க்கல்லில் கல்தச்சர் தம் அடையாளமாகக் கொத்திய சின்னஞ்சிறு இதயங்கள் இன்றும் தெரிகின்றன. கோபுரத்துக் கிணற்றிலிருந்து ஆறாம் சார்லஸின் பொன்முலாம் பூசிய தலைக்கவசம் துண்டு துண்டாகக் கிடைத்தது. அந்தக் கிணற்றை நான் எழுதும்போது "தூர்ந்த கிணறு" என்றே எழுதினேன், யோசிக்காமலே வந்தது.

"தூர்த்த" என்பது பேச்சில் "தூர்ந்த" என்றே காதில் விழும் என்ற கவலை எனக்கு உண்டு. வேறு பெயரெச்சம் தோன்றினால் சொல்லுங்கள். கட்டுரையை ஞாயிறு அன்று அனுப்பவேண்டும்.

அன்புடன்