வேலியோரம் வெள்ளைப் பழப் புதர்: பிடுங்கவா, விடவா?

கேள்வி:
அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வேலிக்குப் பின்னால் மார்பளவு உயரத்தில் ஒரு புதர். எதிரெதிராகச் சின்ன இலைகள். கோடையில் இளஞ்சிவப்பு மணிப்பூ பூத்த இடத்தில் இப்போது கொத்துக் கொத்தாய் வெள்ளைப் பழங்கள். நசுக்கினால் உள்ளே நுரை மாதிரி இருக்கிறது. இலை கொட்டியும் பழம் கொட்டவில்லை. என் மகளுக்கு மூன்று வயது, கிடைப்பதை வாயில் போடுவாள். பிடுங்கிவிடட்டுமா?

பதில் 1:
அது ஸ்னோபெரி. ஹனிசக்கிள் என்ற பூக்கொடியின் குடும்பம், அங்கேயே விளையும் காட்டுச்செடி. பழத்தில் சபோனின் என்ற, சோப்பு போல நுரைக்கும் பொருள் உண்டு. தின்றால் வாந்தி வரும். குழந்தையை விலக்கியே வையுங்கள்.

பதில் 2:
அவசரப்பட்டு வெட்டாதீங்க. எங்கள் வீட்டுச் சரிவில் மழைக்கு மண் கரையாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான். தரைக்கடியில் தண்டு ஓடிப் பரவுவதால், பிடுங்கினாலும் மிச்சத்திலிருந்து முளைக்கும். பூவுக்குத் தேனீ வரும், குளிர்காலத்தில் பறவைகள் பழம் கொத்தும். இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ்-கிளார்க் பயணத்தில் கிடைத்த விதையிலிருந்து வந்த செடியை, அவர்களை அனுப்பிய அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் மான்டிசெல்லோ என்ற தன் பண்ணை வீட்டில் ஆசையாக வளர்த்தார் என்றால் பாருங்களேன்! மகள் கைக்கு எட்டும் பழங்களை மட்டும் பறித்துவிட்டு, முன்னால் கம்பிவலை கட்டுங்கள்.

கேட்டவர்:
சரி, வலையே கட்டுகிறேன். இன்று காலை எட்டும் உயரத்தில் இருந்ததையெல்லாம் பறித்தாயிற்று. மேலே உள்ளவை பறவைகளுக்கு. மிக்க நன்றி.