புதுப்பிப்பு: மகள் சின்னக் கல்லூரியையே தேர்ந்தெடுத்துவிட்டாள்

மகள் உயிரியல் படிக்க, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் காலேஜ் பார்க் என்ற ஊரில் உள்ள மேரிலாண்ட் பல்கலைக்கழகமா, அதே மாநிலத்தின் செயின்ட் மேரீஸ் கல்லூரியா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். இரண்டுமே அரசுடையவை, மேரிலாண்ட்வாசிகளுக்குக் குறைந்த கட்டணம் இரண்டிலும் உண்டு. முன்னதில் சுமார் 40,000 மாணவர்கள், பின்னதில் 2,000 பேர்கூட இல்லை.

ஆய்வகத்தில் அவளோடு நிற்பது பேராசிரியரா, முனைவர் பட்ட மாணவர்களா என்று விசாரிக்கச் சொன்னீர்களே, அதுதான் முடிவைத் தந்தது. செயின்ட் மேரீஸில் முனைவர் பட்டப் படிப்பு கிடையாது. அதனால் பேராசிரியரின் ஆய்வில் இளநிலை மாணவர்களே நேரடியாக வேலை செய்கிறார்கள். கடைசி ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வும் செய்யலாம். இதைக் கேட்டதும் அவள் முகமே மலர்ந்துவிட்டது.

துறை மாறும் எண்ணம் இருந்தால் பெரிய பல்கலைக்கழகம்தான் சரி, அங்கே பாடப்பிரிவுகள் ஏராளம். இவளுக்கு அந்த யோசனை இல்லை. சரி, முன்பணம் கட்டியாச்சு. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.