மஹிந்திரா ஜீப் பிக்கப்: எவ்வளவு ஏர் எடுத்தாலும் பிரேக் பெடல் தரை தட்டுகிறது, உதவுங்கள்

விவேக்நகர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு விவேக் நகரில் வாடகை வீடு. வாசலில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம், அதுவும் தெருவை நோக்கிச் சற்றே சரிவு. இதுதான் என் பட்டறை.

வண்டி, எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த மஹிந்திரா சிஜே 4. 91 அங்குல வீல்பேஸ், 2199 சிசி பெட்ரோல் எஃப்-ஹெட் இன்ஜின், பின்னால் மரத் தொட்டி கட்டிய பிக்கப். ஓசூர் பக்கம் ஒரு தோட்டத்தில் தக்காளிக் கூடை ஏற்றி ஓடியது, பிறகு புளியமரத்தடியில் வருஷக்கணக்கில் கிடந்தது. இன்ஜின் இப்போது ஓடுகிறது. தகரம், பெயின்ட் எல்லாம் அப்புறம். பிரேக் இல்லாமல் தெருமுனைக்குக்கூட எடுத்துப் போக முடியாதே.

இதுவரை செய்தது: மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) புதிது. நான்கு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் (அந்த ஆயிலால் ஷூவை டிரம்மில் அழுத்துவது) ரப்பர் கிட் மாற்றியாகிவிட்டது. டிரம்களில் வரி விழுந்திருந்ததால் லேத்தில் கடைந்து வாங்கினேன். ஜே.சி. ரோட்டில் ஷூவுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்தேன். ஒற்றை ஆளாக ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப் வாங்கி நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைத்தேன்.

பிரச்சினை இதுதான்: முதல் மிதிக்குப் பெடல் நேராகத் தரைக்குப் போகிறது. விடாமல் சில தடவை மிதித்தால் மேலே வந்து நிற்கிறது. காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் மறுபடி தரை. எங்கும் கசிவு தெரியவில்லை. ட்யூபில் குமிழி வருவதும் நின்றுவிட்டது.

சேஸிஸை நான்கு பக்கமும் ஹாலோ பிளாக் மேல் நிறுத்தியிருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும்?

சிவாஜிநகர்_குஜ்ரி:

மாஸ்டர் சிலிண்டர் டூப்ளிகேட்டாக இருக்கும் ப்ரோ. வேறு மாற்றுங்கள். இப்போது வரும் உருப்படிகளில் பாதி பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்.

பட்டறைக்காரர்_மகள்:

மாஸ்டரைக் கழற்றுவது இருக்கட்டும் தம்பி, முதலில் அந்த ஹாலோ பிளாக்கை எடுங்கள். சுவர் எழுப்பும்போது பாரம் பரவலாக இறங்கும், அதனால் அது தாங்கும். சேஸிஸின் ஒரு முனை ஒரே இடத்தில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். விரிசல் விட்டு எச்சரிக்கவெல்லாம் செய்யாது. மரக்கடையில் பழைய ஸ்லீப்பர் கட்டை கிடைக்கும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன் மேல் நிறுத்துங்கள். கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள். கட்டை போனாலும் சக்கரம் தாங்கும்.

இன்னொன்று. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில்தான் பிடிக்கும். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் மறுபக்கமும் சுற்றி வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறோமே என்று நம்ப வேண்டாம். உங்கள் வாசல் சரிவு வேறு. முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் முட்டுக்கொடுத்த பிறகுதான் ஜாக்கி.

இனி பிரேக்குக்கு வருவோம். மூன்று விஷயம் சொல்லுங்கள்.

பெடல் மேலே வந்து நிற்கும்போது காலுக்கு எப்படி இருக்கிறது? கட்டையை மிதிப்பதுபோல் கெட்டியாக இருந்தால் ஒரு கதை, ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும்பினால் வேறு கதை. கெட்டியாக நிற்கும் பெடல் மேல் காலை அப்படியே ஒரு நிமிஷம் வைத்திருந்தால் மெல்லக் கீழே இறங்குகிறதா? கடைசியாக, கிட் ரப்பர்களை எதில் கழுவினீர்கள்?

விவேக்நகர்வாசி:

பயமுறுத்திவிட்டீர்கள் அக்கா, நாளைக்கே கட்டை வாங்குகிறேன்.

கெட்டியாகத்தான் நிற்கிறது, அமுங்கவில்லை. காலை வைத்திருந்தாலும் இறங்கவில்லை. ரப்பரை எதிலும் கழுவவில்லை, புதுப் பிரேக் ஆயில் தடவித்தான் போட்டேன்.

பட்டறைக்காரர்_மகள்:

அப்படியென்றால் மாஸ்டரைத் தொட வேண்டாம். உள்ளே ரப்பர் கப் விட்டிருந்தால் மிதித்த கால் மெல்ல இறங்கியிருக்கும். ஏர் இருந்தால் ஸ்பிரிங் போல் இருந்திருக்கும். ரப்பரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவியிருந்தால் ஊதிப் போயிருக்கும், அதுவும் இல்லை. மிதிக்க மிதிக்க ஏறி, ஏறியபின் கெட்டியாக நிற்கிறது, விட்டால் பழைய நிலைக்குப் போகிறது என்றால் ஷூவுக்கும் டிரமுக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஒரு மிதிக்கு மாஸ்டர் தள்ளும் ஆயில் அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடுகிறது. அடுத்தடுத்த மிதி கூடுதல் ஆயிலைத் தள்ளுவதால் ஷூ போய்த் தொடுகிறது. காலை எடுத்துச் சற்று விட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங் பழையபடி இழுத்துக்கொள்ளும்.

டிரம்மை எவ்வளவு கடைந்தார்கள்?

விவேக்நகர்வாசி:

ஷூவை டிரம் பக்கம் நெருக்கும் அட்ஜஸ்டரை முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறேனே அக்கா. சக்கரத்தைச் சுற்றினால் உரசும் சத்தமும் கேட்கிறது. இதற்கு மேல் எப்படி நெருக்குவது?

லேத்காரரிடம் கேட்டேன். அசல் விட்டத்தைவிட 50 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடியிருக்கிறதாம். லைனிங் சாதாரண அளவுதான் போட்டிருக்கிறது.

பீன்யா_லேத்:

நான் உள்ளே வருகிறேன். 50 தௌ என்பது விட்டத்தில். பக்கத்துக்கு 25 தௌ, அதாவது முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிரம்மைப் பொதுவாக 60 தௌவுக்கு மேல் கடையக் கூடாது என்பார்கள், ஆக உங்கள் டிரம் இன்னும் பிழைத்திருக்கிறது. அடுத்த முறை கடைய இடமில்லை.

உரசுகிறதே என்று கேட்டீர்கள். எங்கே உரசுகிறது என்பதுதான் கேள்வி. ஷூவின் வளைவு சின்ன வட்டத்துக்கானது, டிரம் இப்போது பெரிய வட்டம். அதனால் ஷூவின் நடுவில் ஒரு கோடு மட்டும் தொடும், இரண்டு முனையும் தள்ளி நிற்கும். மிதித்தால் ஷூவே லேசாக வளைந்து கொடுத்து, பெடல் கீழே போகும்.

சோதிக்கச் சாக்பீஸ் போதும். லைனிங் முழுக்க வெள்ளையாகத் தேய்த்துவிட்டு டிரம்மை மாட்டி, அட்ஜஸ்டரை லேசாக உரசும்வரை திருப்பி, ஒரு சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். சாக் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது.

விவேக்நகர்வாசி:

பார்த்தேன். முன் சக்கரம் இரண்டிலும் நட்ட நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் சாக் அழிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று அப்படியே இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றில் கீழ்முனை மட்டும் உரசியிருக்கிறது.

பின் டிரம் ஹப் கழற்றத்தான் உயிர் போனது. டேப்பர் ஷாஃப்ட் என்பதால் வராது என்று தெரியும். சி-சேனல் துண்டில் ஸ்டட்டுக்குத் துளை போட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டை வெல்டு வைத்து, ஹைடென்சில் போல்ட்டை முறுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. இறுக்கிய நிலையில் போல்ட் தலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டதும் பட்டென்று விட்டது.

ஓசூர்_டீசல்:

ஆக்சில் நட்டை முழுக்கக் கழற்றாமல் நான்கைந்து மரை விட்டு வைத்திருந்தீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் அந்த ஹப் துள்ளி வந்து முழங்காலில் விழும். இப்படி ஹப்பை இழுக்கும் புல்லர் செய்கிறவர்கள் சொல்ல மறப்பது இதைத்தான்.

இன்னொரு கூடுதல் தகவல்: பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுக்கு இடது மரை. ஸ்டட் முனையில் ‘எல்’ குத்தியிருக்கும். தெரியாமல் குழாய் மாட்டித் திருப்பி ஸ்டட்டை முறித்தவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு.

விவேக்நகர்வாசி:

விட்டு வைத்திருந்தேன் சார். இடது மரை தெரியாது. நல்லவேளை, ஒரு நட் அசையாததும் விட்டுவிட்டேன்!

பீன்யா_லேத்:

சரி, வேலையைப் பார்ப்போம். இரண்டு வழி இருக்கிறது. ஜே.சி. ரோட்டில் லைனிங் போட்ட கடையிலேயே தடித்த லைனிங் இருக்கிறதா என்று கேளுங்கள், ஓவர்சைஸ் என்றால் புரிந்துகொள்வார்கள். டிரம்மையும் கூடவே எடுத்துப் போங்கள். சில கடைகளில் டிரம் அளவுக்கு ஷூவை மெஷினில் அரைத்துத் தருவார்கள்.

அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். 80 நம்பர் உப்புத்தாளை டிரம்மின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஷூவை அதன் வளைவிலேயே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். நடுவில் மேடாக இருப்பது கரைந்து முழு லைனிங்கும் டிரம் வளைவுக்கு வரும். இடையிடையே உப்புத்தாள் இல்லாத டிரம்மில் சாக் வைத்துப் பாருங்கள். முக்கால்வாசி தொட்டாலே போதும், மிச்சம் ஓட ஓட உட்கார்ந்துகொள்ளும். முகமூடி கட்டாயம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பட்டறைக்காரர்_மகள்:

இதனுடன் ஆங்கர் பின்னும் இருக்கிறது. நீங்கள் திருப்பியது மேலே இருக்கும் கேம் அட்ஜஸ்டர் மட்டும். ஷூவின் கீழ்முனை உட்காரும் ஆங்கர் பின்னும் மையம் தள்ளிக் கடைந்ததுதான். ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டுக்குப் பின்னால் லாக் நட்டைத் தளர்த்தி அதையும் திருப்பலாம். கீழ்முனை மட்டும் உரசுகிற பின் சக்கரத்துக்கு மருந்து அங்கேதான். வில்லிஸ் மேனுவல் கணக்கு, கீழ்முனையில் 5 தௌ, மேல்முனையில் 8 தௌ. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கேம் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருப்பி, சக்கரம் கையால் சுற்றும்வரை கொஞ்சம் பின்வாங்குங்கள்.

அப்புறம் பெடலையும் மாஸ்டரையும் இணைக்கும் பெடல் ராட். வண்டியின் தரையில் மூடியைத் திறந்தால் கீழே மாஸ்டர் தெரியும். பெடலைக் கையால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். பெடல் கீழே போகிறதே என்று முன்னால் யாராவது அந்த ராடை நீட்டியிருக்க வாய்ப்பு அதிகம், எல்லா மெக்கானிக்கும் முதலில் செய்யும் வேலை அது. நீட்டி வைத்தால் மாஸ்டர் பிஸ்டன் முழுக்கத் திரும்பி வராது, ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்னத் துளை அடைந்தே இருக்கும். இப்போது தெரியாது. ஷூ சரியானதும் நாலு தெரு ஓட்டினால் ஆயில் சூடாகி விரிந்து, நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும்.

சிவாஜிநகர்_குஜ்ரி:

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிவிடலாமே? புது ஜீப் உருப்படி குஜ்ரியில் (பழைய சாமான் கடையில்) கிடைக்கிறது. பூஸ்டரும் சேர்த்து.

பீன்யா_லேத்:

கிடைக்கும். அதற்கு மாஸ்டர், பைப் லைன், தாங்கும் பிராக்கெட் எல்லாம் மாற வேண்டும். பிராக்கெட்டை வீட்டில் வெல்டு வைத்தால் நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன். புல்லர், உப்புத்தாள், ட்யூப் எல்லாம் கைவேலையாக இருக்கலாம், தப்பானால் நேரம்தான் வீண். ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால், இரண்டு தனித்தனி ஆயில் சர்க்யூட் உள்ள டேண்டம் மாஸ்டருக்கு மாறச் சொல்வேன். இப்போது இருப்பது ஒற்றைச் சர்க்யூட். ஒரு ஓஸ் (ரப்பர் குழாய்) வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஓஸ் மூன்றும் பழசு என்றால் டிஸ்க்குக்கு முன் அதை மாற்றுங்கள்.

அல்சூர்_ஆர்டிஓ_அலைச்சல்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் விண்டேஜ் பதிவு செய்யலாம் என்று நினைத்திருந்தால் ஆர்.சி.யை ஒருமுறை பாருங்கள். 2021-ல் வந்த விதி இரு சக்கர வண்டிக்கும், எம்1 எனப்படும் பயணிகள் வகை நான்கு சக்கர வண்டிக்கும்தான். கூட்ஸ் என்று பதிவாகியிருந்தால் அதில் வராது. வந்தாலும் அந்த நம்பரில் தினசரி ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். பெயின்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விவேக்நகர்வாசி:

நன்றி சார், ஆர்.சி.யில் கூட்ஸ் என்றுதான் இருக்கிறது. அது தனி அலைச்சல்.

பிரேக் நிலவரம்: கடையில் தடித்த லைனிங் கிடைத்தது, அரைக்கும் மெஷின் பழுது. உப்புத்தாளில் வீட்டிலேயே தேய்த்தேன், தோள் கழன்றது. சாக் இப்போது முக்கால்வாசிக்கு மேல் அழிகிறது. ஆங்கர் பின் லாக் நட்களில் ஒன்று துருவில் பூட்டியிருந்தது. டீசல் ஊற்றி இரவு முழுக்க விட்டதும் வந்தது.

அக்கா சொன்னதுபோலவே பெடல் ராடில் யாரோ விளையாடியிருக்கிறார்கள். ராட் மரையில் பாதி துருவும் பாதி பளபளப்புமாக இருந்தது. அரை அங்குலம் விட்டு லாக் நட்டை இறுக்கினேன். பிறகு மாஸ்டரிலிருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று ஏர் எடுத்தேன்.

முதல் மிதிக்கே பாதியில் பிடிக்கிறது! தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டி வலது பக்கம் லேசாக இழுக்கிறது. டிரம் எதுவும் சூடாகவில்லை.

பட்டறைக்காரர்_மகள்:

வலது பக்கம் இழுத்தால் இடது முன் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. ஏர் எடுக்கும்போது ஆயில் லைனிங்கில் பட்டதா? டிரம் கழற்றிப் பாருங்கள். லைனிங் கருப்பாக ஈரமாக இருந்தால் துடைத்துப் பயனில்லை, உறிஞ்சியிருக்கும், அந்த ஜோடியை மாற்றுங்கள். கிரீஸ் போல் வழவழப்பாக இருந்தால் ஹப் சீல் போயிருக்கிறது, முதலில் சீல். தரையிலும் தகரத்திலும் சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

விவேக்நகர்வாசி:

கிரீஸ்தான். சீல் உதடு கிழிந்திருந்தது. சீலும் அந்தப் பக்க லைனிங்கும் மாற்றினேன், இழுப்பு நின்றுவிட்டது. மூன்று ஓஸும் ஆர்டர் போட்டாகிவிட்டது, அது வரும்வரை வண்டி வாசலைத் தாண்டாது.